தொழில் தெரிவும் தன்மதிப்பீடும்: ஒரு மறுப்புரை

இறுதியாண்டை எய்தும் கலைப்பீட மாணவனின் கையில் இன்று ஒரு படிவம் கொடுக்கப்படுகின்றது. உமது விருப்பங்கள் யாவை, உமது பலம் யாது, பலவீனம் யாது, எத்தகைய வேலை உமது மனத்துக்கு உகந்தது என அது வினவுகின்றது. இதற்குத் தன்மதிப்பீடு என்று பெயர். தன்னை அறிந்தவனே தனக்குரிய தொழிலைத் திட்டமிட வல்லவன் என்னும் கருத்தில் எமக்கு முரண்பாடில்லை. எமது மறுப்பெல்லாம் அப்படிவம் வந்துசேரும் காலத்தைப் பற்றியதும், அது கேளாது விடும் வினாக்களைப் பற்றியதுமாகும்.

காலத்தை முதலில் நோக்குவோம். எம்மிற் பெரும்பாலோரின் தொழில், க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த வாரத்திலேயே பாதி தீர்மானிக்கப்பட்டுவிட்டது. வாவிக்கு மேற்கே படுவான்கரையின் உட்கிராமமொன்றில் வாழும் மாணவி, உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க விரும்பினால், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்கோ அதற்கும் அப்பாலோ செல்ல நேர்வதுண்டு. பஸ் வண்டிக்கும் பிரத்தியேக வகுப்புக்கும் பணமில்லாத வீட்டுப் பிள்ளை, அருகிலுள்ள பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் உளரோ அந்தப் பாடத்தையே 'தெரிவு' செய்கின்றாள். ஆறேழு ஆண்டுகள் கழிந்தபின் அவளிடம் சென்று, 'உமது விருப்பம் யாது?' என்று வினவுவது நகைப்புக்கிடமன்றோ?

இடையிலே இசட் புள்ளி வருகின்றது. 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இதுவே அளவுகோல். பெரும்பாலான கற்கைநெறிகளின் இடங்களுள் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பங்கிடப்படுகின்றன. அது ஒரு பங்கீட்டுக் கருவி. ஒரே பாடத்தை எழுதியோருள் ஒருவன் எவ்விடத்தில் நிற்கின்றான் என்பதை மட்டுமே அது கூறும். அவனால் எதைச் செய்ய இயலும் என்பதைக் கூறாது. ஆயினும் எமது ஊர்களில் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் அந்தப் புள்ளியே பிள்ளையின் குணநலனாகப் பேசப்படுகின்றது. பிறர் இட்ட எண்ணைத் தன்மதிப்பீடாக ஏற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துள் நுழைபவன், நான்காண்டுகளும் அதே எண்ணைச் சுமந்தே திரிகின்றான்.

இனி, கேட்கப்படாத வினாக்களுக்கு வருவோம். தொழில் வழிகாட்டலின் முன்னோடியான பிராங்க் பார்சன்ஸ் 1908இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒரு தொழில் ஆலோசனை நிலையத்தை நிறுவினார். அவர் இறந்தபின் 1909இல் வெளிவந்த அவரது நூல் மூன்று படிகளை விதந்துரைத்தது: தன்னை அறிதல், தொழில்களின் தேவைகளையும் வாய்ப்புகளையும் அறிதல், இவ்விரண்டையும் பொருத்தி நியாயித்தல். 1959இல் மனிதரை ஆறு வகையினராக வகுத்த ஜோன் ஹொலண்டும் தொழிற்சூழலையும் அவ்வாறே ஆறாக வகுத்தார். எமது படிவங்களோ முதற்படியை வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிட்டன. வேலைச் சந்தையை ஆராய்வது கடினம்; வினாக்கொத்தைப் பிரதி எடுப்பது எளிது.

எமது வேளாண்மைக்காரனுக்கு இந்தக் குறைபாடு இல்லை. குளத்து நீர்மட்டத்தையும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குறிக்கப்படும் தண்ணீர்த் திகதியையும் அறியாமல், தனக்குப் பிடித்த நெல்லினம் எதுவென்று அவன் யோசிப்பதில்லை.

இந்நாடு இதனை ஒருமுறை சிந்தித்ததுண்டு. 1971 ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் அளித்த வேலைக்கும் இடையிலான முரண்பாட்டை அது ஆராய்ந்தது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டு, மாணவர் தம் பிரதேசத்துத் தொழில்களைக் கற்குமாறு பணிக்கப்பட்டனர். தம் பிள்ளையை வயலுக்கும் தோணிக்கும் மீள அனுப்பும் ஏற்பாடு இதுவென ஒரு தகப்பன் ஐயுற்றிருப்பின் அவரைக் குறைகூற முடியாது. மேட்டுக்குடியினர் தம் பிள்ளைகளை எத்தொழிலுக்கு அனுப்பினர் என்பதை அவரும் அறிவாரல்லவா? 1977இன் ஆட்சி மாற்றத்தின்பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதனோடு, உன்னைச் சுற்றியுள்ள தொழில்களை ஆராய் என்னும் நல்ல கட்டளையும் மறைந்தது.

2017இல் மட்டக்களப்பில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களை நோக்கி, 'நீங்கள் உங்களை அறியவில்லை' என்று உபதேசிப்பது கொடுமை. வேலையின்மையைத் தனிமனிதனின் குறையாக மாற்றும் தந்திரம் அந்த உபதேசத்துள் மறைந்திருக்கின்றது. ஆயின் எம்மவரின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகள் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டதைக் கண்டு, தமக்கும் ஒரு நியமனம் வரும் என்று நூலகத்தில் உறங்குவோர் உளர். 2022இன் பொருளாதார நெருக்கடி கண்டும் அந்த உறக்கம் கலையவில்லை.

அங்ஙனமாயின் எதைக் கேட்பது? விருப்பத்தை அல்ல, செய்து காட்டக்கூடியதைக் கேளுங்கள். ஓர் உதாரணம் போதும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. ஆயினும் தமிழ்ப் பிரதேச அலுவலகங்களுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருவதும், மொழிபெயர்ப்பாளர் போதாமையும் ஓயாத முறைப்பாடுகள். இந்நிலையில், 'சிங்களச் சுற்றறிக்கையொன்றை வாசித்துத் தமிழிற் பிழையின்றி எழுத என்னால் இயலுமா?' என்னும் ஒற்றை வினா, 'நான் பிறருடன் பழக விரும்புகின்றேன்' என்னும் கூற்றுக்கு எதிரே இடும் நூறு சரிக்குறிகளிலும் மேலானது. இல்லை என விடை வருமாயின், முதலாமாண்டு மாணவனுக்கு அதனை ஆமென மாற்ற மூன்றாண்டுகள் உள. இறுதியாண்டு மாணவனுக்கு மூன்று மாதமும் இல்லை. ஆதலால் இம்மதிப்பீடு முதலாமாண்டிலே தொடங்கி ஆண்டுதோறும் நிகழவேண்டும். பாடசாலையில், பாடத்தெரிவுக்கு முன்னரே நிகழின் இன்னும் நன்று.

விரிவுரையாளப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாணவனிடம் படிவத்தை நீட்டுமுன், கடந்த பத்தாண்டுகளில் தம்மிடம் பட்டம் பெற்று வெளியேறியோர் எவ்வெத் தொழிலில் உளர், எத்தனை பேர் தொழிலின்றி உளர் என்பதை ஒவ்வொரு துறையும் பெயர் சுட்டாது கணக்கெடுத்து, புதுமுக மாணவர் பாடம் பதியும் நாளில் அறிவித்தற் பலகையில் ஒட்டிவைக்கட்டும்.