ஓடினால் போதுமா? நிற்க வேண்டாமா?

நம் இளைஞர்களுக்கும் காருக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது. வேலை கிடைத்துச் சில மாதங்களிலேயே பழைய வீராவோ சத்ரியாவோ மைவியோ வாசலுக்கு வந்துவிடுகிறது. வந்த கையோடு கோயிலில் பூசை. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அதற்கடுத்த வாரமே பட்டறைப் படலம் தொடங்குகிறது. முதலில் எக்சோஸ் மாறுகிறது. பிறகு ரிம். பிறகு ஒலிபெருக்கி. கையில் இன்னும் காசிருந்தால் ஹாஃப்கட் கடையிலிருந்து பெரிய எஞ்சின். பிரேக்? "அதுதான் பிடிக்குதே!" என்ற ஒரே சொல்லோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

காரை நேசிப்பது குற்றமென்று சொல்ல நான் வரவில்லை. ஓய்வு நேரத்தில் ஒரு பொருளைக் கழற்றிப் பார்த்து, அது எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்பும் இளைஞனைப் பாராட்டத்தான் வேண்டும். என் வாதம் வேறு. நாம் பணம் செலவழிக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. வேகத்திற்கு ஒரு ரிங்கிட் போடுமுன் நிறுத்தத்திற்கு ஒரு ரிங்கிட் போட வேண்டும். அந்த ரிங்கிட்டையும் கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்தில் போடாமல், வேலை நடக்கும் இடத்தில் போட வேண்டும்.

பிரேக் என்பது ஓர் அடுப்பு

பிரேக்கின் வேலை என்ன? ஓடும் காரின் ஆற்றலை உராய்வால் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதுதான். தமிழ்ப்பள்ளியில் 'உராய்வு' என்றும், பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியில் 'கெசேரான்' என்றும் நாம் படித்த அதே பாடம்தான். ஆனால், அந்த வெப்பம் எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோம்?

ஏறக்குறைய 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார், நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட 110 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். அதை முழுதாக நிறுத்தும்போது வெளிப்படும் வெப்பம், ஒன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவும் சில விநாடிகளில், பெரும்பகுதி முன் சக்கரங்களில் உள்ள இரண்டு இரும்புத் தட்டுகளில் இறங்குகிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எஞ்சினை மாற்றி வேகத்தைக் கூட்டியவர், பிரேக்கின் சுமையை அதைவிட அதிகமாகக் கூட்டியிருக்கிறார்.

இனி மலைச்சாலைக்கு வருவோம். கெந்திங் மலையிலிருந்தோ கேமரன் மலையிலிருந்தோ அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்க வேண்டிய ஆற்றல் 110 கி.மீ. வேகத்திலிருந்து இருபது தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால் மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான். பேட் சூடேறி வழுக்கத் தொடங்கும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. மலைச்சாலைகளில் 'குனா கியர் ரெண்டா' என்று பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். இந்தப் பாதுகாப்புக்கு ஒரு காசும் செலவில்லை.

எதை முதலில் மாற்றுவது?

பிரேக்கை மேம்படுத்துவது என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது பெரிய டிஸ்க்கும் சிவப்பு நிறக் காலிப்பரும்தான். அவற்றை வாங்க முடியாதவர்கள் காலிப்பருக்குச் சாயம் அடிக்கிறார்கள். பிளாஸ்டிக் மூடியை வாங்கி ஒட்டுகிறார்கள். சாயத்தால் தீங்கில்லை. ஆனால், மூடியோ காற்றை மறைத்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. நிறுத்தும் திறன் கூடியதுபோல் காட்டுவதற்காக அந்தத் திறனையே குறைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேடிக்கை!

உண்மையில் காரை நிறுத்துவது டயர். டிஸ்க் சக்கரத்தை நிறுத்துகிறது; சாலையைப் பிடித்துக் காரை நிறுத்துவது டயரின் ரப்பர். பெடலை ஓங்கி மிதித்ததும் ஏபிஎஸ் துடிக்கிறது அல்லது சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்றால், அந்த டயருக்கு வேண்டிய பிரேக் பலம் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதற்குமேல் பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் தூரம் குறையப்போவதில்லை. பெரிய டிஸ்க் கைகொடுப்பது மீண்டும் மீண்டும் மிதிக்கும் இடத்தில். அதாவது, செப்பாங் பந்தயத் தளத்திலும் நீண்ட மலையிறக்கத்திலும். எனவே தேய்ந்த டயரின்மேல் ஓடிக்கொண்டு பெரிய காலிப்பருக்குச் சேமிப்பவர், ஓட்டைப் பானைக்குத் தங்க மூடி செய்பவர்.

டயருக்கு அடுத்தது பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. 'டாட் 3' வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 பாகை. 'டாட் 4' வகைக்கு 230 பாகையும் 155 பாகையும். நம் நாட்டின் ஈரப்பதத்தைச் சொல்லவா வேண்டும்? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முழுதாக மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஓர் எக்சோஸ் விலையில் சிறு பங்குதான். ஆனால், எண்ணெய் மாற்றியதை நண்பர்களிடம் படம் பிடித்துக் காட்ட முடியாது. அதனால்தானோ என்னவோ யாரும் மாற்றுவதில்லை!

மூன்றாவது, பேட். இங்கேயும் 'விலை கூடினால் தரம் கூடும்' என்ற எண்ணம் ஆபத்தானது. பந்தயத்துக்கென்று செய்த பேட் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். காலையில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, முதல் சந்திப்பில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால், குளிர்ந்திருக்கும் அந்தப் பேட் சாதாரண பேட்டைவிட மோசமாகப் பிடிக்கக்கூடும். சாலையில் ஓடும் காருக்குச் சாலைக்கென்று செய்த பேட்டே ஏற்றது.

இவை மூன்றும் முடிந்த பிறகே டிஸ்க், காலிப்பர் பற்றிப் பேச வேண்டும். பேசும்போதும் முழுக் காரையும் மனத்தில் வைத்துப் பேச வேண்டும். முன்பக்கம் மட்டும் மிகப் பெரிதாக்கினால், முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தயாரிப்பாளர் வகுத்த பங்கீடு குலையும். முன் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ள, பின் சக்கரம் சும்மா இருக்க, நிறுத்தும் தூரம் கூடவும் வாய்ப்புண்டு. பெரிய காலிப்பருக்கு அதிக எண்ணெய் வேண்டும். பழைய மாஸ்டர் பம்ப்பால் அதை ஈடுகட்ட முடியாவிட்டால் பெடல் ஆழமாகப் போகும். பின்பக்க டிரம்மை டிஸ்க்காக மாற்றுபவர் கைப்பிரேக்கையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஹாஃப்கட் கடையில் காலிப்பர் வாங்கினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட வேண்டும். இத்தகைய மாற்றங்களைச் செய்யுமுன், சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதியையும் காப்புறுதி நிறுவனத்தின் நிபந்தனையையும் கேட்டுத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

பழக்காத பிரேக், பிடிக்காத பிரேக்

நல்ல பேட், நல்ல டிஸ்க் வாங்கிப் பொருத்திவிட்டோம். வேலை முடிந்ததா? இல்லை. பெரும்பாலோர் கைவிடும் படி இதுதான். புதிய பேட்டையும் டிஸ்க்கையும் ஒன்றுக்கொன்று பழக்க வேண்டும்.

பேட் டிஸ்க்கைச் சுரண்டுவதால் மட்டும் பிடிப்பு வருவதில்லை. பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின்மேல் சீராகப் படிய வேண்டும். அந்தப் படலத்தோடு பேட் உராயும்போதுதான் முழுப் பிடிப்பும் கிடைக்கிறது. இதற்கு வெப்பத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும்.

முதலில் புது டிஸ்க்கின் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். பழைய டிஸ்க்காக இருந்தால் பழைய பேட் விட்டுச் சென்ற படலத்தை நீக்க வேண்டும். பிறகு, முன்னும் பின்னும் வாகனமில்லாத நேரான சாலையில், சுமார் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 கி.மீ. வரை மிதமாக அழுத்திக் குறைக்க வேண்டும். முழுதாக நிறுத்தக் கூடாது. மீண்டும் வேகமெடுத்து மீண்டும் குறைக்க வேண்டும். இப்படி எட்டு, பத்து தடவை செய்யும்போது இலேசான நெடி வரலாம், அஞ்ச வேண்டியதில்லை. முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கை இயன்றவரை தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். எத்தனை தடவை, எந்த வேகம் என்பது பேட்டுக்குப் பேட் மாறும். தயாரிப்பாளரின் தாளில் உள்ளதே இறுதிச் சொல். அதிவேகம் கேட்கும் பந்தய பேட்டைப் பழக்கும் இடம் பந்தயத் தளம்தான், பொதுச்சாலை அன்று.

இதில் ஒரு விலக்கு மிக முக்கியம். சூடான நிலையில் காரை நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருக்கக் கூடாது. பேட் நிற்கும் இடத்தில் மட்டும் அதன் பொருள் திட்டாகப் படிந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஸ்டியரிங் அதிரும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பலரும் சொல்லும் நோய், பல வேளைகளில் வளைவே அன்று. சீரற்றுப் படிந்த இந்தத் திட்டுதான். பேட் மாற்றிய கையோடு சாலை நெரிசலில் சென்று மிதித்து நிற்கும் காருக்கு இந்த நோய் எளிதில் வரும்.

"இதெல்லாம் நமக்கு எதற்கு?"

பந்தயம் ஓட்டுபவர்களுக்குத்தானே இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எல்லா விபத்துக்கும் பிரேக் காரணமென்று நான் சொல்லவில்லை. ஆனால், நம் கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால், அதற்கு முன்னால் இருக்கப்போவது யார்? இரவு வேலை முடித்துக் கப்சாயில் வீடு திரும்பும் ஓர் அண்ணன். அவர் நம் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். காரை நம் இன்பத்திற்காக மாற்றுகிறோம். அதன் விலையை முன்பின் அறியாத ஒருவர் கொடுக்க வேண்டுமா?

"மெக்கானிக்குக்குத் தெரியாததா?" என்பது இன்னொரு கேள்வி. நம் பட்டறைகளில் கைத்திறன் மிக்க தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். சத்தத்தைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் அவர்களின் அறிவை நான் மதிக்கிறேன். ஆனால், காரைப் பழக்க வேண்டியவர் ஓட்டுபவர். பேட்டோடு வரும் தாளோ ஆங்கிலத்தில் இருக்கிறது. அது அட்டைப் பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. "போகப் போகச் சரியாயிடும்" என்ற வாக்கே வாடிக்கையாளருக்கு மிஞ்சுகிறது.

தமிழ் மொழிக் கழகத்தின் மலரில் பிரேக்கைப் பற்றி எழுதுவதற்குக் காரணமும் இதுதான். தேர்வுக் கட்டுரையில் நாம் 'மகிழுந்து' என்று பிழையின்றி எழுதுகிறோம். அந்த மகிழுந்தை எப்படி நிறுத்துவது என்று தமிழில் நான்கு வாக்கியம் எழுதுவதில்லை. நமக்குக் கலைச்சொல் பஞ்சமில்லை. பிரேக்கைப் பிரேக் என்றே சொல்லலாம். வாக்கியத்துக்குத்தான் பஞ்சம். மொழி விழாவிலும் பட்டிமன்றத்திலும் மட்டும் வாழும் தமிழ், பட்டறைக்குள்ளும் வர வேண்டும். பொறியியல் பயிலும் நண்பர்கள், தாங்கள் படித்ததில் ஒரு பக்கத்தையாவது நம் பட்டறைத் தம்பிகள் படிக்கும்படி எழுதித் தர வேண்டும்.

இந்த விடுமுறையில் ஊருக்குக் கிளம்புமுன் ஒவ்வொருவரும் மூன்றைப் பாருங்கள். டயரில் வரி இருக்கிறதா? பிரேக் எண்ணெய் மாற்றி எவ்வளவு நாளாயிற்று? பேட்டில் இன்னும் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு எக்சோஸைப் பற்றிப் பேசுவோம்.