எண்ணெய் மாற்றியும் அணையாத விளக்கு

அமெரிக்காவிலுள்ள தம் மகனின் ஐயத்தை அன்பர் ஒருவர் எழுதியனுப்பியுள்ளார். டொயோட்டா காருக்கு என்ஜின் எண்ணெய் மாற்றியாயிற்று. பராமரிப்பை நினைவூட்டும் விளக்கோ இன்னும் எரிகிறதாம். பணியாளர் ஏமாற்றிவிட்டாரோ?

அவரைக் குறைகூற அவசரம் வேண்டாம். அவ்விளக்கு எண்ணெயைச் சோதிப்பதன்று. ஓடிய தொலைவை எண்ணுவது. அங்கு விற்கப்பட்ட பல டொயோட்டா கார்களில் 5000 மைல், அதாவது ஏறத்தாழ 8000 கிலோமீட்டர் கடந்ததும் அது நிலையாக எரியும். புதிய எண்ணெய் ஊற்றியதை அது அறியாது. நாமே அறிவிக்க வேண்டும்.

பல மாதிரிகளில் முறை இதுவே: தூரமானியில் 'டிரிப் ஏ' தோன்றச் செய்து, சாவியை அணைநிலைக்குத் திருப்புக. டிரிப் பொத்தானை அழுத்தியவாறே, என்ஜினைக் கிளப்பாமல், சாவியை 'ஆன்' நிலைக்குக் கொணர்க. சுழியங்கள் தோன்றும்வரை கையை எடுக்கலாகாது. மாதிரிக்கு மாதிரி முறை வேறுபடுமாதலால் காரின் கையேட்டையும் பார்த்துக்கொள்க.

எண்ணெய் மாற்றாமலே விளக்கை மட்டும் அணைப்போரும் உளர். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கச் செல்வது போன்றதே இது! பழைய கார் வாங்குவோர் விளக்கை நம்பாது, எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேட்பது நலம்.

எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு முற்றிலும் வேறு. அது எண்ணெய் அழுத்தம் குறைந்ததன் அறிகுறி. ஓடும்போது அது எரிந்தால் பாதுகாப்பாக ஓரங்கட்டி, உடனே என்ஜினை நிறுத்துக. பணிமனைவரை ஓட்டிச் செல்லவும் துணியற்க.