நடராஜ் தியேட்டரை மூடியது காலமல்ல

நாடகக் குழு ஒன்று மூடப்படும்போதெல்லாம் எழுதப்படும் இரங்கற் குறிப்புகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. திரைப்படம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, கைப்பேசி வந்தது, காலம் மாறியது, ஆகவே நாடகம் அழிந்தது. இந்த வாய்பாட்டில் குற்றவாளி என்று எவரும் இல்லை. காலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதால் அகாதெமிகளும் பண்பாட்டுத் துறைகளும் பல்கலைக்கழக நாடகத் துறைகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கருத்தரங்குக்குப் போய்விட முடிகிறது. அசாமின் நடராஜ் தியேட்டர் நாற்பது ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றியபின் 2003இல் நின்றுபோனது. இந்த வாய்பாடு எவ்வளவு பொய்யானது என்பதற்கு அந்த ஒரு நிகழ்வே போதிய சான்று.

1963 அக்டோபர் 2 அன்று கீழ் அசாமின் பாட்சாலா என்னும் சிற்றூரில் அச்யுத் லஹ்கர் அந்தக் குழுவைத் தொடங்கினார். அவருடைய சகோதரர் சதா லஹ்கர் துணை நின்றார். அதுவரை அங்கு வேரூன்றியிருந்தது ஜாத்ரா மரபு. லஹ்கர் செய்தது எளிமையாகச் சொல்லத்தக்கது, செய்வதற்கு மிகக் கடினமானது. அரங்கம் இல்லாத ஊருக்கு அவர் அரங்கத்தையே எடுத்துச் சென்றார். மேடை, கூடாரம், இருக்கைகள், ஒளிவிளக்குகள், மின்னாக்கி, சமையற்கூடம், நடிகர்களின் படுக்கை என அனைத்தும் வாகனங்களில் ஏறின. மின்சாரம் எட்டாத ஊரிலும் ஒரு மாலைப்பொழுதுக்குள் நகர அரங்கு ஒன்று எழுந்து நின்றது. அருகருகே அமைந்த இரு மேடைகளுள் ஒன்றில் காட்சி முடியும்போதே மற்றொன்றில் அடுத்த காட்சி தொடங்கிவிடும். ‘பிராம்யமான்’, அதாவது நடமாடும் நாடகம் என்று அசாமியர் அழைக்கும் வடிவம் இவ்வாறுதான் பிறந்தது.

இந்த வடிவத்தின் கலைச் சிறப்பு பலராலும் பேசப்பட்டுவிட்டது. அதன் பொருளாதாரமே போதிய அளவு பேசப்படாதது. ஆகஸ்டு நடுவில் தொடங்கும் நாடகப் பருவம் ஏப்ரலில் ரொங்காலி பிஹுவுடன் முடிகிறது. அதற்கு முந்தைய மாதங்கள் ஒத்திகைக்கு உரியவை. ஒரு குழுவில் நூறு பேருக்கு மேல் இருப்பது வழக்கம். நடிகர்கள் மட்டுமல்லாமல் ஒளியமைப்பாளர், தச்சர், ஓட்டுநர், சமையற்காரர், கூடாரம் அடிப்போர் என அனைவரும் அந்தப் பருவத்தின் ஊதியத்தை நம்பி வாழ்பவர்கள். ஒவ்வோர் ஊரிலும் சில இரவுகள் மட்டுமே ஆட்டம். ஆண்டுதோறும் புதிய நாடகங்கள் எழுதப்பட வேண்டும். ஆகவே நாடகம் எழுதுவதை ஒரு பிழைப்பாகவே மேற்கொள்ளக்கூடிய சூழலும் அங்கு உருவானது. இந்தியாவின் பெருநகரங்களிலும் இது அரிது.

குழுவை ஊருக்கு அழைப்பவர் யார் என்பது இன்னும் முக்கியமானது. ஊர்ப் பள்ளி, கல்லூரி, இளைஞர் மன்றம், நாம்கர் ஆகியவற்றின் குழுக்களே அழைப்பாளர்கள். நுழைவுச்சீட்டு வருவாயில் ஒப்பந்தப்படி குழுவுக்கு உரியது போக எஞ்சியது ஊரின் பொதுப்பணிக்குச் சேர்ந்தது. பள்ளிக்குக் கூரை போடுவதற்கும் வகுப்பறை எழுப்புவதற்கும் நடமாடும் நாடகத்தின் பணம் பயன்பட்ட ஊர்கள் அசாமில் ஏராளம். தேசிய நாடகப் பள்ளி 1959இல் நிறுவப்பட்டது, நடராஜ் தியேட்டர் 1963இல் தொடங்கியது. அரசு தலைநகரில் ஒரு நாடகப் பள்ளியைக் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், பாட்சாலாவிலிருந்து புறப்பட்ட நாடகம் ஊர்ப் பள்ளிகளைக் கட்ட உதவியது. முதலாவது இந்திய நாடக வரலாற்று நூல்களில் தனி இயலாக இடம்பெறுகிறது. இரண்டாவதற்கு ‘வட்டாரக் கேளிக்கை வடிவங்கள்’ என்னும் தலைப்பின்கீழ் ஒரு பத்தி கிடைத்தால் பெரிது.

இனி வாய்பாட்டுக்கு வருவோம். திரைப்படமும் தொலைக்காட்சியும்தான் நடராஜைக் கொன்றன என்றால், 2003க்குப் பின்னும் அசாமில் நடமாடும் நாடகம் எப்படி வாழ்ந்தது? அதே பாட்சாலாவில் 1976இல் தோன்றிய கோஹினூர் தியேட்டரும் 1980இல் தோன்றிய ஆவாஹன் தியேட்டரும் அப்போதும் கூடாரங்களை நிரப்பிக்கொண்டிருந்தன. திரைநடிகர்கள் படப்பிடிப்பை விட்டு நாடகப் பருவத்துக்கு ஒப்பந்தமானார்கள். திரைப்படம் நாடகத்தை விழுங்குவது இயற்கை நியதி என்று நம்புவோர், திரைநட்சத்திரத்தை நாடகம் விலைக்கு வாங்கிய ஒரு மாநிலம் இந்தியாவில் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வடிவம் வாழ்ந்திருக்க, அதைத் தோற்றுவித்த நிறுவனம் மட்டும் மறைந்தது. காலம் மாறிவிட்டது என்பது இதற்கு விடையாகாது.

விடை, இத்தகைய குழுக்களின் மீது சுமத்தப்பட்டுள்ள இடரின் பங்கீட்டில் இருக்கிறது. ஒரு பருவம் வெற்றி பெற்றால் அதன் பயன் பள்ளிக்கும் ஊருக்கும் மொழிக்கும் பரவுகிறது. வெள்ளமோ முழு அடைப்போ ஊரடங்கோ வந்து ஆட்டம் நின்றாலும் நூறு பேருக்கான சோறும் ஊதியமும் நிற்பதில்லை. அந்தச் சுமை பெரும்பாலும் குழுவை நடத்துபவரின் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. பயன் பொதுவுடைமை, நட்டம் தனியுடைமை. பயிருக்குக் காப்பீடு வகுக்கவும் நெசவாளர் கூட்டுறவுக்குக் கடன் வழங்கவும் தெரிந்த ஓர் அரசுக்கு, நூறு குடும்பங்களுக்குச் சோறிடும் நாடகக் குழு மட்டும் ஏன் ஒரு தொழிலாகத் தெரிவதில்லை? நாடகத்துக்கான உதவி இங்கு பெரும்பாலும் மானிய விண்ணப்பம், தயாரிப்புத் திட்டம், விழா என்னும் வழிகளிலேயே வருகிறது. நுழைவுச்சீட்டு விற்று வாழும் குழு அந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் பொருந்துவதில்லை. மானியம் கேட்டால் அது வணிகம், வங்கிக் கடன் கேட்டால் அது கலை.

இது அசாமுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிருத்விராஜ் கபூர் 1944இல் பம்பாயில் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸ், எட்டு நாடகங்களுடன் இந்தியா முழுவதும் பயணம் செய்து 2,600க்கும் மேற்பட்ட ஆட்டங்களை நிகழ்த்தியது. நாட்டுப் பிரிவினைக்கு முன்பே பிளவுபடும் வீட்டின் கதையை ‘தீவார்’ என்ற பெயரில் மேடையேற்றிய குழு அது. ஆட்டம் முடிந்தபின் அவர் வாசலில் துணியை ஏந்தி நின்று நிவாரணப் பணிகளுக்கு நிதி திரட்டினார். திரைப்படத்தில் ஈட்டியதை நாடகத்தில் கொட்டினார். அவர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக அமர்ந்திருந்த ஆண்டுகளிலேயே குழு நலிந்தது, 1960இல் மூடப்பட்டது. ‘அவருடைய குரல் கெட்டுவிட்டது, அதனால் குழு நின்றது’ என்று வரலாறு எழுதுகிறது. ஒரு மனிதரின் தொண்டையின்மேல் நிறுத்தப்பட்டிருந்த நிறுவனத்துக்கு வேறு தூண் எதுவும் ஏன் கிடைக்கவில்லை என்று அந்த வரலாறு கேட்பதில்லை. பத்ம பூஷண் வந்தது, மறைவுக்குப் பின் தாதாசாகேப் பால்கே விருதும் வந்தது. 1978இல் ஜுஹுவில் அவருடைய பெயரால் ஓர் அருமையான அரங்கத்தைக் குடும்பத்தாரே எழுப்பினர். மனிதருக்கு விருது, பெயருக்குக் கட்டடம் என இரண்டும் கிடைத்தன. ஊர் ஊராகச் சென்ற குழு மட்டும் திரும்பவில்லை.

ஆந்திராவின் சுரபி குழுக்கள் 1885 முதல் இன்றுவரை நீடிக்கின்றனவே என்று எதிர்வாதம் எழலாம். சுரபி நீடிப்பதன் காரணத்தைப் பார்த்தால் அந்த வாதமே திரும்பி நிற்கும். அங்கு குடும்பமே குழு. தாத்தா முதல் பேத்தி வரை மேடையில் நிற்கும் வீட்டில் குடும்பந்தான் காப்பீடு, குடும்பந்தான் வங்கி, குடும்பந்தான் நடிப்புப் பள்ளி. ஒரு காலத்தில் பல பத்துக் குழுக்களாகக் கிளைத்த அந்தக் குடும்பமும் இன்று ஒரு சிலவாகச் சுருங்கியிருக்கிறது. ஒரு கலை நிறுவனம் உயிர்வாழ இரத்த உறவு ஒன்றே வழி என்றால், அதைப் பண்பாட்டுக் கொள்கையின் வெற்றி என்று எவரும் கொண்டாட இயலாது.

ஆய்வுலகம் தன் பங்கை இந்த இடத்தில் மறைத்துவிடக் கூடாது. நாடகத் துறைகள் ‘தீவிர நாடகம்’, ‘வணிக நாடகம்’ என்று ஒரு கோட்டைக் கிழித்து வைத்திருக்கின்றன. அசாமின் நடமாடும் மேடையில் டைட்டானிக் கப்பல் மூழ்கியதைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்கு எல்லா வகுப்பறைகளிலும் உலவுகிறது. பபேந்திரநாத் சைக்கியாவைப் போன்ற முதன்மையான எழுத்தாளர் அந்த மேடைகளுக்காகவே நாடகங்கள் எழுதினார் என்னும் செய்தி அத்தனை எளிதாக உலவுவதில்லை. ஐரோப்பிய மேடையின் இயந்திர நுட்பத்தை முனைவர் பட்டத்துக்குரிய பொருளாகக் கொள்ளும் அதே துறை, கிராமத்து வயலில் தச்சரும் மின்பணியாளரும் சேர்ந்து ஒரு கப்பலை மூழ்கடிப்பதை மலிவான வித்தை என்கிறது. உயிரோடு இருக்கும்போது வணிகம் என்று ஒதுக்கப்பட்ட குழு, மூடப்பட்ட மறுநாளே மரபு ஆகிவிடுகிறது. அச்யுத் லஹ்கர் தம் குழு நின்றபின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து 2016இல் மறைந்தார். ஒரு நிறுவனத்தின் முழு நினைவையும் சுமந்த ஒருவரிடம் கேட்டறிவதற்கு, இந்திய நாடக ஆய்வுக்கு அது குறைந்த அவகாசம் அன்று.

நலிந்த குழுவையெல்லாம் அரசு தத்தெடுக்க வேண்டும் என்பது இங்கு வாதமன்று. மோசமான நாடகம் தோற்கட்டும், அதைத் தீர்மானிக்கும் உரிமை கூடாரத்தில் அமர்ந்திருக்கும் பார்வையாளருக்கு உண்டு. ஆனால் ஒரு பருவத்தின் வெள்ளமோ ஒருவரின் முதுமையோ ஒரு நிறுவனத்தை முடித்துவைப்பது நாடகத்தின் தோல்வியாகாது. பயணக் குழுக்களுக்குப் பருவக் காப்பீடு, குறைந்த வட்டிக் கடன், நடிகருக்கு மட்டுமன்றிக் கூடாரத் தொழிலாளிக்கும் சேரும் ஓய்வூதியம் ஆகியவை அரசு செய்யத்தக்கவை. எழுத்துப் படிகள், கணக்கேடுகள், மேடை வரைபடங்கள், சுவரொட்டிகள் ஆகியவற்றைக் குழு உயிருடன் இருக்கும்போதே திரட்டுவதும், கம்பெனி நாடகத்தின் கணக்கேட்டை நாடகப் பிரதிக்கு இணையான ஆவணமாகப் பாடத்திட்டத்தில் வைப்பதும் பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கவை. இவற்றுள் எதற்கும் புதிய கோட்பாடு தேவையில்லை.

கூடாரம் பிரிக்கப்பட்ட பிறகு அந்த வயலில் நின்று காலத்தைப் பழிப்பது எளிது. நடராஜின் கூடாரம் நாற்பது ஆண்டுகள் ஒவ்வோர் ஊரிலும் பிரிக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் அடுத்த ஊரில் மீண்டும் எழுந்தது. கடைசி முறை அது எழாமற்போனதற்குக் காலத்திடம் கணக்குக் கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியது, அந்த நாற்பது ஆண்டுகளும் பயனைப் பெற்றுக்கொண்டு சுமையில் தோள் கொடுக்காதவர்களிடம். அவர்களுக்கு முகவரி உண்டு.