அரசு பஸ்ஸின் முதலாளி யார்?

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் மாலை ஐந்து மணிக்கு நிற்கும் கூட்டத்தில் யாரிடம் வேண்டுமானாலும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். "இந்த அரசு பஸ் யாருக்குச் சொந்தம்?"

அரசுக்கு என்பார் ஒருவர். நம்ம வரிப்பணம், அதனால் நமக்குத்தான் என்பார் இன்னொருவர். டிப்போ மேனேஜருக்கு என்று கிண்டலடிப்பார் ஒரு கல்லூரி மாணவர். மூன்றுமே முழுதாகச் சரியான பதில் இல்லை. சட்டப்படி அந்த பஸ் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நிறுமச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட கம்பெனி. அதற்குப் பங்கு மூலதனம் உண்டு, இயக்குநர் குழு உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, இருப்புநிலைக் குறிப்பும் உண்டு. பெயர், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (திருநெல்வேலி) லிமிடெட். நாகர்கோவில் அதில் ஒரு மண்டலம்.

அரசு பஸ் பற்றிய பேச்சு எப்போதும் நஷ்டத்தில் தொடங்கி நஷ்டத்திலேயே முடிகிறது. இவ்வளவு கோடி நஷ்டம், அவ்வளவு கோடி கடன். ஆனால் வணிகவியல் படிக்கும் எந்த மாணவனும் நஷ்டக் கணக்கைப் பார்த்ததும் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. இயக்குநர் குழு என்ன செய்துகொண்டிருந்தது? அரசு பஸ் விஷயத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு குழு இருப்பதே பலருக்குத் தெரியாது.

லண்டன்காரர் தொடங்கிய வண்டி

கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அரசு பஸ்ஸுக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளைவிடப் பழையது. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் தன் அரசின் போக்குவரத்துத் துறையைத் தொடங்கி வைத்தார். அரசுடைமையான முதல் தடமே திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி தடம்தான். துறையை அமைக்க லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த ஈ.ஜி. சால்ட்டர் என்பவர் வரவழைக்கப்பட்டார்.

1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. 1970-களில் தமிழக அரசு பஸ் தடங்களை அரசுடைமையாக்கி, வட்டாரத்துக்கு ஒரு கழகம் என்று கம்பெனிகளை உருவாக்கியது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், நெல்லைக்குக் கட்டபொம்மன். 1983-இல் நாகர்கோவிலுக்கென்று ஒரு தனிக் கழகம் வந்தது. இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணியின் பெயரில் நேசமணி போக்குவரத்துக் கழகம். அதன் நிர்வாக இயக்குநர் ராணித்தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கோபம் வந்தால் போய்ப் பார்க்கக்கூடிய தூரம்.

1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் அமைத்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்தது. அதன்பின் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டன. பெயர் போனதோடு நிற்கவில்லை. 2000-களின் முற்பகுதியில் நாகர்கோவில் கழகம் மதுரைக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. 2010-இல் மதுரையிலிருந்து திருநெல்வேலி பிரிந்தபோது நாகர்கோவில் அங்கே ஒரு மண்டலமாகப் போய்ச் சேர்ந்தது.

இணைப்புகளுக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிர்வாக இயக்குநர், ஒரு கணக்குப் பிரிவு, ஒரு கொள்முதல் பிரிவு என்றால் செலவு கூடும். அது நியாயம்தான். ஆனால் மிச்சமான செலவோடு இன்னொன்றும் போய்விட்டது. மாவட்டத்துக்கென்று இருந்த தனி இயக்குநர் குழு, தனி வரவு செலவுக் கணக்கு, தனி ஆண்டறிக்கை எல்லாம் போயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர் வாழும் மாவட்டம் இது. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், அதாவது தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். இவ்வளவு பேரைச் சுமக்கும் பஸ்கள் லாபமா நஷ்டமா என்பது இன்று நான்கு மாவட்டக் கணக்கில் கலந்து கிடக்கிறது.

ஒரே தலையில் நான்கு தொப்பி

இயக்குநர் குழு எதற்காக இருக்கிறது? கம்பெனியை நடத்துபவர் ஒருவர், அதன் சொந்தக்காரர் இன்னொருவர். நடத்துபவர் தன் வசதிக்கு நடத்திவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர்கள் வைக்கும் காவல்தான் குழு. காவல்காரர் தனி ஆளாக இருந்தால்தான் காவலுக்கு அர்த்தம்.

போக்குவரத்துக் கழகங்களின் பங்குகள் தமிழக அரசிடம் இருக்கின்றன. இயக்குநர்களை நியமிப்பது அரசு. குழுவின் தலைவர் போக்குவரத்துத் துறைச் செயலாளர். மற்ற இயக்குநர்களும் பெரும்பாலும் நிதித் துறை போன்ற துறைகளின் அதிகாரிகள், சகோதரக் கழகங்களின் நிர்வாக இயக்குநர்கள். அதே அரசுதான் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 67-ஆம் பிரிவின்படி கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதே அரசுதான் பர்மிட் தருகிறது. மாணவர் இலவசப் பாஸுக்கும், 2021 மே 8 முதல் நகரச் சாதாரணப் பஸ்களில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்துக்கும் கழகத்துக்குப் பணம் தருவதும் அதே அரசுதான்.

ஆக, சொந்தக்காரர், விலை வைப்பவர், அனுமதி தருபவர், மிகப் பெரிய வாடிக்கையாளர் எல்லாம் ஒருவரே. கோட்டையில் செயலாளராக அனுப்பிய ஆணையை, குழுக் கூட்டத்தில் தலைவராக அவரே வாங்கிக்கொள்கிறார். "இந்தக் கட்டணத்தில் வண்டி ஓட்டினால் பாட்டரிக்கும் டயருக்கும் காசு எங்கே?" என்று அவர் யாரிடம் கேட்பார்? தன்னிடமேதான் கேட்க வேண்டும்.

இதன் விளைவைக் கட்டண வரலாற்றில் பார்க்கலாம். 2011 நவம்பருக்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேல் கட்டணம் அசையவில்லை. இடையில் 2013 ஜனவரியில் மத்திய அரசு மொத்தக் கொள்முதல் டீசலின் விலையைச் சந்தை விலைக்கு மாற்றியது. டிப்போவில் சொந்த பங்க் வைத்திருந்த கழகங்கள் வெளியே சில்லறை பங்குகளில் வரிசையில் நின்று டீசல் போட வேண்டிய நிலை வந்தது. பிறகு 2018 ஜனவரி 20 அன்று ஒரே அடியாக உயர்வு. புறநகர் சாதாரணப் பஸ்ஸில் கிலோமீட்டருக்கு 42 காசு 60 காசானது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒன்பதே நாளில் 58 காசாகக் குறைத்தார்கள். ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயத்தை ஆறு வருடம் பேசாமல் விட்டு, ஒரே இரவில் மக்கள் தலையில் போடுவது எந்த நிர்வாகப் பாடத்திலும் இல்லை. சுயமாகப் பேசும் ஒரு குழு இருந்திருந்தால் ஒவ்வொரு ஆண்டும் கணக்கை மேசையில் வைத்து, "கட்டணத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் ஈட்டுத்தொகை தாருங்கள்" என்று எழுத்தில் கேட்டிருக்கும். அந்த எழுத்து மக்கள் கண்ணிலும் பட்டிருக்கும்.

யாருடைய பணம்?

கட்டணமாவது ஐந்து பத்து ரூபாய் விஷயம். இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு.

2017 மே மாதமும் 2018 ஜனவரியிலும் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2018-இல் ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. சம்பள உயர்வுக்காக என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் தொழிற்சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குற்றச்சாட்டு வேறு. சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதி, காப்பீட்டுத் தவணை, கூட்டுறவுச் சங்கத் தவணை ஆகியவற்றைக் கழகங்கள் கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமல் அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டன என்பதே அது. ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பணப்பலனுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் வேலைநிறுத்தம். அப்போதும் ஓய்வூதியர்களின் அகவிலைப்படி ஒரு முக்கியக் கோரிக்கை.

முப்பது வருடம் குலசேகரம் மலைச்சரிவிலும் குளச்சல் கடற்கரைச் சாலையிலும் ஸ்டீயரிங் பிடித்த ஒருவர், மகள் கல்யாணத்துக்கு நம்பியிருந்த சொந்தச் சேமிப்புக்காகக் காத்திருக்க நேர்ந்தால் அதை நஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அது கழகத்தின் பணமே இல்லை, தொழிலாளியின் பணம். நிறுமச் சட்டம் 2013-இன் 166-ஆம் பிரிவு இயக்குநரின் கடமையைத் தெளிவாகச் சொல்கிறது. கம்பெனியின் நலன் மட்டுமல்ல, ஊழியர்கள், பங்குதாரர்கள், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனுக்காகவும் நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணம் கட்டப்படவில்லை என்றால் அதைக் கவனித்து நிறுத்த வேண்டிய முதல் இடம் இயக்குநர் குழுவின் மேசைதான்.

தணிக்கை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அரசு கம்பெனிகளுக்குத் தணிக்கையாளரை நியமிப்பவர் சி.ஏ.ஜி. அவர் துணைத் தணிக்கையும் செய்யலாம். ஆண்டறிக்கை சட்டமன்றத்துக்குப் போகிறது. சட்டமன்றப் பொது நிறுவனங்கள் குழு விசாரிக்கிறது. எல்லாம் அவசியமானவை. ஆனால் எல்லாமே நடந்து முடிந்த பிறகு வருபவை. பிரேதப் பரிசோதனை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அது வைத்தியம் ஆகாது.

மறுபக்கம்

"வாக்குப் பெற்ற அரசுதானே சொந்தக்காரர், அதற்கு மேல் காவல் எதற்கு?" என்பது ஒரு வாதம். தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதில் மின்சாரம், ரேஷன், மழை வெள்ளம், விலைவாசி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. மார்த்தாண்டத்துக்குப் போகும் கடைசி வண்டி நிறுத்தப்பட்டதா என்பது அந்த ஓட்டில் எப்படித் தெரியும்?

"கேரளாவில் வேறு முறை, அங்கே மட்டும் என்ன வாழ்கிறது?" என்பது இன்னொரு வாதம். களியக்காவிளையில் நின்றால் கண்ணெதிரே வரும் ஆனவண்டி, 1950-ஆம் வருடச் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அங்கேயும் ஓய்வூதியம் தாமதமானது, 2018 வாக்கில் பெரிய நெருக்கடியே வந்தது. உண்மைதான். சட்டத்தின் பெயர் மாறினால் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஆலோசனைக் குழுக்கள் அமைக்க வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கழகங்கள் கம்பெனிகள் என்பதால் அந்தப் பிரிவு அவற்றுக்குப் பொருந்தாது.

சால்ட்டர் புறப்பட்டு வந்த லண்டனையும் பார்க்கலாம். 2000-இல் தொடங்கிய லண்டன் போக்குவரத்து அமைப்புக்கும் அரசியல்வாதியான மேயர்தான் தலைவர். ஆனால் குழுக் கூட்டம் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கிறது, கூட்ட ஆவணங்கள் முன்கூட்டியே வெளியாகின்றன. உறுப்பினர்களை நியமிக்கும்போது பெண் பயணிகளின் நலன், நடமாடச் சிரமப்படுவோரின் நலன், தொழிற்சங்க அனுபவம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பயணிகளுக்கென்று தனிக் கண்காணிப்பு அமைப்பும் உண்டு. அங்கேயும் பணக் கஷ்டம் வருகிறது. ஆனால் யார் எதை எப்போது முடிவு செய்தார் என்பது மறைவதில்லை.

என்ன செய்யலாம்?

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

ஒன்று, நிறுமச் சட்டத்தின்படி இந்த அளவுள்ள பொதுக் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும். அந்த நாற்காலிகளைக் கட்சிக்காரர்களுக்கோ ஓய்வு பெற்ற அதிகாரிகளுக்கோ தராமல், ஒன்றைப் பயணிகளின் பிரதிநிதிக்கும் மற்றொன்றைப் போக்குவரத்துக் கணக்குத் தெரிந்த வெளியாளுக்கும் தரலாம்.

இரண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, குழுக்களின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததா, கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதை ஒவ்வொரு பொது அமைப்பும் தானாகவே அறிவிக்கச் சொல்கிறது. அறிவிப்பதோடு நிற்காமல் குறிப்புகளையே இணையத்தில் போடலாம். கூடவே மண்டலவாரியாக எத்தனை வண்டி, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வரவு என்ற கணக்கையும் போடலாம்.

மூன்று, தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கும் தொகை தனி வங்கிக் கணக்கில் போக வேண்டும். ஒவ்வொரு காலாண்டும் தணிக்கைக் குழு அதற்குச் சான்று தர வேண்டும்.

நான்கு, மாவட்டத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு. மாணவர்கள், வேலைக்குப் போகும் பெண்கள், மீனவக் கிராமத்தார், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் அதில் இருக்கட்டும். அவர்கள் கேட்பதை எல்லாம் கழகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் செய்யவில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும்.

இவை எதுவும் நஷ்டத்தை நாளைக்கே லாபமாக்கிவிடாது. மலைக்கிராமத்துக்கும் கடலோரக் கிராமத்துக்கும் போகும் வண்டி லாபம் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. ஆனால் சேவைக்காக ஏற்றுக்கொண்ட நஷ்டம் எவ்வளவு, கவனக்குறைவால் வந்த நஷ்டம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். அப்படிப் பிரிக்காதவரை இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

வடசேரியில் நிற்கும் கூட்டத்துக்கு வருவோம். வண்டி வரவில்லை என்றால் கோபம் முழுவதும் அடுத்த வண்டியின் கண்டக்டர் மேல்தான் விழுகிறது. பாவம், அவரால் எதையும் மாற்ற முடியாது. அவரும் ஒருநாள் தன் பணத்துக்காக வரிசையில் நிற்கப்போகிறவர். கேள்வி போக வேண்டிய முகவரி வேறு. அந்த இயக்குநர் குழுவின் மேசையில் பயணிக்கும் தொழிலாளிக்கும் ஆளுக்கொரு நாற்காலி போடும் வரை, அரசு பஸ்ஸுக்கு முதலாளி இருப்பார், காவல் இருக்காது.