திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

காலை ஆறரைக்கு மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போவேன். பால் காய்ந்து, டிகாஷன் இறங்கி, பெண்ணுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், அந்த வட்டம் திரையில் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன்.

சித்தூரில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. 3பி படிவம் போயாக வேண்டும்; தவறினால் தாமதக் கட்டணம், வட்டி. கடைக்காரரின் போனுக்கு ஓ.டி.பி. வரும். அவர் கல்லாவில் நின்றபடியே படித்துச் சொல்வார். நான் அடிப்பதற்குள் திரை உறைந்துவிடும். எண்ணுக்கு நேரம் முடிந்துவிடும். "இன்னொரு தடவை அனுப்பறேண்ணா" என்று ஒரே ஆளிடம் மூன்று முறை கேட்கும்போது நாக்கு கூசும்.

இந்த மடிக்கணினி 2016இல் வாங்கியது. ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். கொரோனா காலத்தில் பெண் பாடம் படித்ததும் இதில்தான். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான். அது ஏன் என்று கேட்க ஒருவர்கூட இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

முதலில் போன கடையில், பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பார்மட் அடிச்சிடலாம்" என்றார்கள். அடித்தார்கள், காசும் வாங்கினார்கள். இருபது நாளில் பழைய கதை. அடுத்த கடையில் வருஷத்தைக் கேட்டதும் சிரித்தார்கள். "கொத்ததி கொனுக்கோண்டி மேடம்." புதுசு வாங்கிக்கொள்ளுங்களாம். நாற்பதாயிரம் ரூபாயை ஏதோ நாற்பது ரூபாய் மாதிரி சொல்கிறார்கள்.

எங்கள் பக்கம் போர்வெல்லை நம்பி வாழ்கிற பூமி. மோட்டார் புகைந்தால் தூக்கிக்கொண்டு காயில் கட்டுகிறவரிடம் போவோம். அவர் கழற்றுவார், எந்தக் காயில் எரிந்தது என்று பார்ப்பார், அதைப் புதிதாகச் சுற்றுவார், மோட்டார் மறுபடி தண்ணீர் இறைக்கும். பத்து வருஷ மோட்டாரைத் தூக்கிப் போடு என்று அவர் சொன்னதே இல்லை. அந்த மரியாதை என் மடிக்கணினிக்கு ஏன் கிடைக்கவில்லை?

கிடைத்தது, திருப்பதியில். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு சந்துக் கடையில் காட்டினேன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற ஒரு பையன். முதல் வேலையாக டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். "பாருங்கக்கா, பிராசஸர் சும்மாத்தான் இருக்கு. டிஸ்க் மட்டும் நூறுல நிக்குது."

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சின்னக் கை அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடி எடுக்க வேண்டும். 4 ஜி.பி. ரேம் நிரம்பியதும், மிச்சத்தையும் அந்தத் தட்டிலேயே எழுதிப் படிக்கிறது. எல்லா வேலையும் அந்த ஒரு வாசலில் வரிசை கட்டி நிற்கும்போது பிராசஸர் என்ன செய்யும்? எஸ்.எஸ்.டி.யில் சுழல்கிற பாகமே கிடையாது. அதனால் தேடும் நேரம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது.

பின்மூடியைக் கழற்றியதும் விசிறியைச் சுற்றித் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பிராசஸர் மேல் தடவிய பசை காய்ந்து உதிர்ந்தது. சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாற்பது டிகிரி தாண்டும் சித்தூர் வெயிலில் அது வேறு என்ன செய்யும்? மதியத்தில் மட்டும் ஏன் அதிகம் திணறியது என்று அப்போதுதான் புரிந்தது.

தூசி தட்டி, புதுப் பசை வைத்து, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டி, இன்னொரு 4 ஜி.பி. ரேமும் போட்டான். ஆன் செய்ததும் கூடவே எழுந்து உட்காரும் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினான். புது மடிக்கணினி விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் ஆனது. இப்போது பால் பொங்குவதற்குள் கணக்கு மென்பொருளான டேலி திறந்துவிடுகிறது.

இதோடு நிம்மதியாக இருக்கவும் விடமாட்டேன் என்கிறார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டுமாம். பாதுகாப்புப் புதுப்பிப்பை மட்டும் பதிவு செய்து 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு? நன்றாக ஓடுகிற ஒன்றைத் தேதி போட்டுப் பழசாக்குவது என்ன நியாயம்? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட், லுபுண்டு என்று இலவசமாக, இலகுவாக இருக்கிறது. பாடம் படிக்க, கடிதம் அடிக்க, படம் பார்க்க அது தாராளமாகப் போதும். வேலூரில் அக்கா வீட்டுப் பரணில் கிடந்த, தமிழக அரசு கொடுத்த பழைய மடிக்கணினி அதில்தான் மறுபடி உயிர் பெற்றது. ஆனால் டேலி விண்டோஸை நம்பி எழுதப்பட்டது. என் பிழைப்பு அதில் இருக்கிறது.

புதுசு வாங்கினால் தீருமா என்றால் அதுவும் இல்லை. இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். நாளை அது மெதுவானால் ஏற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022இல் இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் உரிமை காகிதத்தில் இருந்து, கடைக்காரர் கையில் திருப்புளி இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்?

பக்கத்துத் தெருவில் தையல் வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய மடிக்கணினியும் என்னுடையதைப் போலத்தான் மெதுவாகியிருந்தது. அவரிடமும் புதுசு வாங்கச் சொன்னார்கள். அவர் நம்பிவிட்டார். பழையதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, புதியதற்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். திருப்பதியிலிருந்து திரும்பி வந்ததும் என் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னோடதையும் இப்படித் திறந்து பாத்திருக்கலாமே" என்றார். அதற்கு அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.