சிறு பிள்ளைக்கு முதல் மட்டக்குதிரை எப்போது? எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தருபவர்களும் மட்டக்குதிரை வளர்ப்பவர்களும் சேர்ந்து நடத்துவது எங்கள் சங்கம். பெற்றோர் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு மட்டக்குதிரையை எந்த வயதில் வாங்கலாம்? நான்கா, ஏழா, பத்தா என்று ஓர் எண்ணை எதிர்பார்த்தே வருகிறார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் பதிலையும் அதற்கான காரணங்களையும் இங்கே வெளிப்படையாக வைக்கிறோம்.

நிலைப்பாடு

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வாங்கும் குதிரை, வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. அந்தப் பெரியவர்கள் இரவலாகவோ பங்குக்கோ ஒரு குதிரையை எடுத்து, ஒரு முழுக் குளிர்காலம் தங்கள் கையால் பராமரித்த பிறகே சொந்தமாக வாங்க வேண்டும். பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ திடீர்ப் பரிசாக வாங்கவே கூடாது.

சட்டமும் பெரியவரையே பொறுப்பாக்குகிறது

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, 16 வயது நிரம்பாதவர் என்று தெரிந்தும் ஒருவருக்கு விலங்கை விற்பது குற்றம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒரு விலங்கை வைத்திருந்தால், அந்தப் பிள்ளையை வளர்ப்பவரே அதற்கும் பொறுப்பாளி. தகுந்த இடம், தகுந்த தீனி, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, தேவையான துணை, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பிள்ளையின் வயதைக் கேட்பதற்கு முன் பெற்றோரின் ஆயத்தத்தைக் கேட்கிறோம்.

வயது ஏன் அளவுகோல் ஆகாது

இரண்டாம் எலிசபெத் அரசிக்கு நான்காவது பிறந்தநாளில் தாத்தா ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெகி என்ற ஷெட்லாந்து மட்டக்குதிரையைக் கொடுத்தார். அந்தச் சிறுமி வாழ்நாள் முழுதும் குதிரைகளை நேசித்தார். நான்கு வயதே சரியான வயது என்பதற்கு இதைச் சான்று காட்டும் பெற்றோர் உண்டு. ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக லாயங்கள் இருந்தன. அனுபவமுள்ள பணியாளர்கள் இருந்தார்கள். ஒரு சாதாரண வீட்டில் அந்த வேலைகளை எல்லாம் தாயும் தந்தையும்தான் செய்தாக வேண்டும்.

ஷெட்லாந்தின் உயரம் 107 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதனால் அது பிள்ளைக்கேற்ற எளிய விலங்கு என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அது ஏறக்குறைய 200 கிலோ எடையும் தன் உருவத்துக்கு மீறிய வலிமையும் கொண்டது. பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் சுரங்கத்துக்குள் வேலை செய்வதை 1842ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகு, நிலக்கரி வண்டிகளை இழுக்கக் கொண்டுபோனது இந்த இனக் குதிரைகளைத்தான். அது புல்லை நோக்கித் தலையைக் குனிந்தால், ஐந்து வயதுப் பிள்ளையால் கடிவாள வாரை இழுத்து நிறுத்த முடியாது. தீனி வைக்கும் நேரத்தில் இரண்டு குதிரைகள் உரசிக்கொண்டால், இடையில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு எலும்பு முறியலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிள்ளை மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தக் குதிரையை மீறி வளர்ந்துவிடும். குதிரையோ 25, 30 வயதுவரை, சில வேளை அதற்கு மேலும் வாழும். வாங்கும் நாளிலேயே அதன் அடுத்த வீட்டைப் பற்றியும் யோசித்தாக வேண்டும்.

ஏன் குளிர்காலம்?

கோடையில் எல்லாருக்கும் குதிரை பிடிக்கும். டிசம்பரில் இங்கிலாந்தில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது. மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போகுமுன் ஒருமுறையும் பள்ளி விட்டபின் ஒருமுறையும் இருட்டிலேயே மைதானத்துக்குப் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனியை உடைக்க வேண்டும். உலர்புல் போட வேண்டும். குளம்புகளைத் தூக்கிச் சேற்றைக் குடைந்தெடுக்க வேண்டும். லத்தியை வாரிக் கொட்ட வேண்டும். காய்ச்சல், மழை, ஞாயிற்றுக்கிழமை எதற்கும் விடுமுறை கிடையாது. பிள்ளையின் ஆசை நவம்பரைத் தாண்டி நிற்கிறதா, தாய் தந்தையின் பொறுமை பிப்ரவரிவரை தாங்குகிறதா என்பதை இந்த மாதங்களே காட்டிக்கொடுக்கும்.

குளிர்காலம் முடிந்ததும் வசந்தம் வேறொரு பாடம் சொல்லும். தரிசு மலைகளிலும் புதர்க்காடுகளிலும் குறைந்த தீனியில் வாழப் பழகிய உள்நாட்டு இனங்கள் இந்த மட்டக்குதிரைகள். சர்க்கரை மிகுந்த செழும்புல்லை வயிறு நிறைய மேயவிட்டால் லாமினைடிஸ் வரும். குளம்பினுள் இருக்கும் திசு வீங்கி, நிற்கவே முடியாத வலி உண்டாகும். முற்றினால் உயிரை எடுக்கும். அன்பால் கூடுதலாகத் தின்னக் கொடுப்பவர்களின் குதிரைக்கே இது மிகுதியாக வருகிறது. மேய்ச்சலை அளந்து விடக் கற்றுக்கொள்ளாத வீட்டுக்கு மட்டக்குதிரை போகக் கூடாது.

செலவும் ஒருமுறையோடு முடிவதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க ஆள் வர வேண்டும். லாடம் அடிப்பதென்றால், 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே அடிக்க வேண்டும். தடுப்பூசி, பல் பராமரிப்பு, காப்பீடு, பொருத்தமான சேணம் எல்லாம் தொடரும். ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் மேய்ச்சல் வேண்டும். கூட்டமாக வாழும் விலங்கைத் தனியாக அடைத்து வைப்பது கொடுமை என்பதால் துணைக் குதிரையும் வேண்டும்.

பெற்றோர் எழுப்பும் இரண்டு வாதங்கள்

“பொறுப்பைக் கற்றுக்கொள்ளத்தானே வாங்குகிறோம்?” இந்த ஆசையை மதிக்கிறோம். ஆனால் பிள்ளை மறக்கும் நாளில் பட்டினி கிடப்பது குதிரை. பெரியவர் தவறாமல் செய்வதைப் பார்த்தும் கூடவே செய்தும்தான் பிள்ளை பொறுப்பைக் கற்கிறது.

“காத்திருந்தால் குழந்தைப் பருவம் போய்விடுமே?” காத்திருக்கும் காலத்திலும் பிள்ளை குதிரையோடு இருக்கலாம். உரிமம் பெற்ற குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன. 1929இல் தொடங்கிய போனி கிளப், சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளையும் தன் மையங்கள் வழியாகச் சேர்த்துக்கொள்கிறது. பல குதிரைகளின் முதுகில் ஏறிப் பழகிய பிள்ளை, பிறகு தன் குதிரையை நன்றாகப் புரிந்துகொள்ளும்.

எங்கள் பரிந்துரைகள்

1. வாங்குவதற்கு முன் பிள்ளை குறைந்தது ஓராண்டு ஒழுங்காகப் பயிற்சிக்குப் போக வேண்டும். சவாரியோடு தேய்த்துவிடுவதும் லாயத்தைத் துப்புரவு செய்வதும் அதில் அடங்க வேண்டும்.

2. நவம்பர் முதல் பிப்ரவரிவரை எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு இரவல் குதிரையைப் பராமரியுங்கள்.

3. பல பிள்ளைகளைச் சுமந்து பழகிய, பத்து வயதைத் தாண்டிய சாதுவான குதிரையைத் தேடுங்கள். பிள்ளையும் குட்டியும் சேர்ந்து வளரட்டும் என்று பழக்கப்படாத குட்டியை வாங்குவது இருவருக்கும் ஆபத்து.

4. இன்றைய பிள்ளையின் அளவுக்கே வாங்குங்கள். வளர்ந்தபின் சரியாகும் என்று பெரிய குதிரையில் ஏற்றாதீர்கள்.

5. விற்பவரோடு தொடர்பில்லாத பயிற்சியாளரை அழைத்துப்போங்கள். மைதானத்தில் பிடிப்பது, குளம்பு தூக்குவது, சாலையில் நடப்பது எல்லாவற்றையும் வெவ்வேறு நாட்களில் பாருங்கள். கால்நடை மருத்துவரின் ஐந்து கட்டப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

6. குதிரையின் பாஸ்போர்ட்டும் உடலிலுள்ள மைக்ரோசிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

7. வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர், ரெட்விங்ஸ் போன்ற அறக்கட்டளைகள் மீட்ட குதிரைகளுக்கும் வீடு தேடுகின்றன. அவற்றையும் கேட்டுப்பாருங்கள்.

8. பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்கள் சாலையில் சவாரி செய்யும்போது தலைக்கவசம் அணிவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். எல்லா இடத்திலும், எப்போதும் அணிய வேண்டும் என்பது எங்கள் விதி.

விற்பவர்களுக்கு

வாங்க வருபவரின் மேய்ச்சல் நிலம், அனுபவம், பிள்ளையின் பயிற்சி ஆகியவற்றைக் கேட்காமல் விற்காதீர்கள். பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள். எங்கள் உறுப்பினர்கள் இந்த இரண்டையும் கடைப்பிடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். டிசம்பர் மாதத்தில் முதல்முறை வாங்குபவர்களுக்கு விற்பதில்லை என்றும் முடிவெடுத்திருக்கிறோம்.

ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு எங்களால் முடியாது என்று இரவல் குதிரையைத் திருப்பிக் கொடுக்கும் குடும்பத்தை நாங்கள் மனதாரப் பாராட்டுவோம். அவர்கள் பிள்ளைக்கு எங்கள் பள்ளிகளில் இடம் என்றும் உண்டு. முடியும் என்று கண்ட குடும்பம், பிள்ளைக்கு ஆறு வயதானாலும் பத்து வயதானாலும், தயங்காமல் வாங்கலாம். தேர்ந்தெடுக்க நாங்கள் கூட வருகிறோம்.