கொடைக்கானலுக்கு ஏன் இந்த ஓட்டம்?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிறது. ஆனால் ஊரின் பெயரில் இருப்பது சந்தை அல்ல; சத்திரம்! சத்திரம் என்றால் என்ன? வழிப்போக்கர்கள் இறங்கி, இளைப்பாறி, மறுபடி கிளம்பும் இடம்.

நடந்து போன காலத்து மக்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. பயணம் என்பது போய்ச் சேருவது மட்டும் அல்ல. எங்கே நிற்பது என்று தெரிந்திருப்பதும் பயணம்தான். தைப்பூசத்துக்கு இந்த வழியாகப் பழநிக்கு நடக்கும் பக்தர்கள் இன்றும் அப்படித்தான் போகிறார்கள். எந்த ஊரில் சாப்பாடு, எந்த ஊரில் தூக்கம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறார்கள்.

வேனில் போகிறவர்கள்தான் இதை மறந்துவிட்டார்கள்!

ஒரே நாளில் எல்லாமா?

கோடை விடுமுறை வந்தால் போதும். குடும்பத்தோடு கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். விடியற்காலையில் வண்டி ஏறுகிறார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து பழநி சுமார் 30 கிலோ மீட்டர். பழநியிலிருந்து கொடைக்கானல் சுமார் 65 கிலோ மீட்டர். நடுவில் எங்கும் நிற்பதில்லை. மேலே போனதும் ஏரி, பூங்கா, பாறை என்று பத்து இடங்களுக்கு ஓட்டம். இருட்டியதும் அதே வழியில் இறக்கம். பிள்ளைகள் பாதி வழி வாந்தி. மீதி வழி தூக்கம்.

மறுநாள் பிள்ளையிடம், “என்ன பார்த்தாய்?” என்று கேட்டால், “குதிரை பார்த்தேன்” என்கிறது. அவ்வளவுதான்!

செலவு செய்தது பெரியவர்கள். பார்த்தது யார்? ஒருவரும் இல்லை.

இதற்கு ஒரே மருந்து திட்டம். ஒரு வழியில் ஏறி, வேறு வழியில் இறங்க வேண்டும். ஒரு நாளை இரண்டு நாளாக்க வேண்டும். இடங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஒட்டன்சத்திரத்து மக்களுக்கு இது மிகவும் எளிது. அவர்கள் ஊரிலிருந்தே மலைக்கு நேராக ஒரு பாதை இருக்கிறது!

வீட்டுக்குப் பின்னால் ஒரு மலைப்பாதை

தெற்கே வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் பாதை அது. ஏறும் வழியில் பரப்பலாறு அணை. நங்காஞ்சியாற்றின் தண்ணீரை மலைக்கு நடுவே தேக்கி வைத்திருக்கிறார்கள். ஒட்டன்சத்திரத்துக்குக் குடிதண்ணீர் தரும் அணை இது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்று மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, அது எங்கிருந்து வருகிறது என்று காட்ட இதைவிட நல்ல பள்ளிக்கூடம் உண்டா?

அங்கிருந்து பாச்சலூர், கே.சி.பட்டி வழியாகப் போனால் தாண்டிக்குடி. காப்பித் தோட்டங்கள் நிறைந்த ஊர். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் அங்கே இருக்கிறது. காலையில் டம்ளரில் குடிக்கும் காப்பி, செடியில் எப்படிக் காய்க்கிறது என்பதைப் பார்க்கலாம்.

தாண்டிக்குடிப் பக்கத்தில் கற்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள் அவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இந்த மலையில் மனிதர்கள் வாழ்ந்தார்கள், இறந்தவர்களை மதித்தார்கள் என்பதற்குச் சாட்சி. அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுப்பது தவறு. தாத்தாவின் சமாதி மேல் யாராவது ஏறி நிற்பார்களா?

பிறகு பண்ணைக்காடு, ஊத்து வழியாகப் பெரிய சாலையைப் பிடித்துக் கொடைக்கானல் சேரலாம். முதல் நாளுக்கு இது போதும்.

மேலே மூன்றே இடம்

இரண்டாம் நாள் காலையில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது ஏரி. இது தானாக உண்டானது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு என்பவரின் முயற்சியால் கரை போட்டு உண்டாக்கிய ஏரி இது.

இரண்டாவது சூரிய ஆராய்ச்சி நிலையம். 1899 முதல் நடக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். சூரியனில் உள்ள கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இங்கேதான். உலக விஞ்ஞானப் புத்தகங்களில் அது இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே வழங்குகிறது.

மூன்றாவது குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இந்து சமயத்தைத் தழுவிய வெள்ளைக்காரப் பெண்மணி லீலாவதி இராமநாதன் 1936-ல் கட்டியது. வானம் தெளிவாக இருந்தால் இங்கிருந்தே கீழே பழநி தெரியும். குறிஞ்சிப்பூ 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது. 2018-ல் பூத்தது. அடுத்தது 2030-ல்!

இறங்கும் வழியில் ஒரு வீரம்

இனிப் பழநிச் சாலையில் இறக்கம். பழநியில் தரிசனம் முடிந்து ஒட்டன்சத்திரம் திரும்பும் வழியில் விருப்பாச்சி. நூற்றுக்கணக்கான வண்டிகள் இந்த ஊரை ஒட்டித்தான் பறக்கின்றன. நிற்பவை எத்தனை?

1772-ல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயருடன் நடந்த போரில் இறந்தபின், வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்த ஊர் இது. அடைக்கலம் கொடுத்தவர் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர். ஹைதர் அலியின் உதவியுடன் 1780-ல் சிவகங்கையை மீட்கும் வரை, இந்தச் சீமைதான் அந்த அரசிக்குப் புகலிடம். பிறகு கோபால் நாயக்கரும் ஆங்கிலேயரை எதிர்த்துப் பாளையக்காரர்களை ஒன்று திரட்டினார். 1801-ல் அவரைப் பிடித்துத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள்.

வேலு நாச்சியாரைப் பற்றிப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குகிறார்கள். ஆனால் அந்த அரசி தங்கியிருந்த மண் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. கோபால் நாயக்கருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினால், புத்தகத்து எழுத்து கண்ணுக்கு முன் வந்து நிற்கும்.

விருப்பாச்சி மலை வாழைப்பழமும் புகழ் பெற்றது. பழநிப் பஞ்சாமிர்தத்தில் சேருவது இந்தப் பழம்தான். வாங்கிச் சாப்பிட்டால் வயிறும் நிறையும். மலையில் விளைவிக்கிறவனுக்கும் நாலு காசு கிடைக்கும்.

ஐரோப்பாவிலும் இதே கதை

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்ட் என்ற கணவாய் அதில் ஒன்று. 1980-ல் அங்கே மலையைக் குடைந்து சுமார் 17 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சாலை திறந்தார்கள். மலையைச் சட்டென்று கடந்துவிடலாம். ஆனால் இரண்டு பக்கமும் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது!

அதனால் பழைய பாதையை அந்த மக்கள் கைவிடவில்லை. கல் பாவிய பாதை. வளைவுக்கு மேல் வளைவு. பனிக் காலத்தில் மூடிவிடுவார்கள். கோடையில் திறந்ததும், அவசரம் இல்லாதவர்கள் அந்தப் பாதையில்தான் ஏறுகிறார்கள். அவசரக்காரனுக்குச் சுரங்கம், பார்க்க வந்தவனுக்கு மலை. என்ன நியாயமான ஏற்பாடு!

எச்சரிக்கையும் வேண்டும்

“இரண்டு நாள் என்றால் செலவு ஆகுமே!” என்பார்கள். உண்மைதான். தங்க முடியாதவர்கள் ஒரே நாளில் பரப்பலாறும் தாண்டிக்குடியும் மட்டும் பார்த்துத் திரும்பலாம். கொடைக்கானலை அடுத்த ஆண்டு பார்க்கலாம். மலை எங்கும் ஓடிவிடாது.

மலைப்பாதையில் சில விதிகளை மறக்கக் கூடாது. பகலில் மட்டுமே பயணம். பரப்பலாறு பக்கம் யானை நடமாட்டம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது. அகலமான இடத்தில்தான் நிறுத்த வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது குறைந்த கியரில் வர வேண்டும். பிள்ளைகளுக்கு வயிறு முட்டச் சோறு கொடுத்து வண்டி ஏற்றக் கூடாது.

கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. கிளம்புவதற்கு முன் அன்றைய விதியை விசாரித்துக் கொள்வது நல்லது. பிளாஸ்டிக் பைகளை எடுத்துப் போகக் கூடாது. தூக்குச் சட்டியும் செம்பும் எங்கே போயிற்று?

பத்து இடத்தை ஓடிப் பார்த்தவன் பத்தையும் மறப்பான். நாலு இடத்தில் நின்று பார்த்தவன் நாலையும் பேரனுக்குச் சொல்வான். எது லாபம் என்று குடும்பத் தலைவர்களே கணக்குப் போடட்டும்!